காற்றுக்கு வெட்டிய வாய்க்கால்

இணுவில்,
தை மாதக் கடைசி.

அன்பு மகன் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். இந்த வரியை நான் எழுதினால் நீ நம்புவதில்லை என்று அப்பா சொல்கிறார். அதனால் ஆதாரத்தையும் சேர்த்து எழுதுகிறேன். அப்பா இன்று காலை கிணற்றில் தானே அள்ளிக் குளித்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கச் சைக்கிளில் போய் வந்தேன். கொஞ்ச நாட்களாக வானத்தில் சத்தம் இல்லை. சண்டை நிற்கப் போகிறது என்று சந்தியில் எல்லோரும் சொல்கிறார்கள். நிலத்துக்குள் வெட்டிய பங்கருக்குள் விரித்த பாயை நான் இன்னும் வெளியே எடுக்கவில்லை.

உன் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த படமும் வந்து சேர்ந்தன. அந்தக் குளிர் நாட்டில் கலியாணத்துக்குப் பிறகு நீயும் அந்தப் பிள்ளையும் குடிபோகப் போகிற புது வீட்டின் படம். சுவர்களை வேறு யாரோ வரைந்திருக்கிறார்கள். காற்றுக் குழாய்களை மட்டும் நீ வரைந்திருக்கிறாய். வேலையில் ஊராரின் வீடுகளுக்கு வரைவதைத்தான் சொந்த வீட்டுக்கும் வரைந்திருப்பதாகவும், பௌதிகம் படித்தவள் என்பதால் நான் ஒருமுறை சரி பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அது மரியாதைக்கு எழுதியது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் நான்கு பின்னேரங்கள் அந்தப் படத்தோடு இருந்தேன். நிலவறையில் இருக்கும் பெட்டியிலிருந்து சூடான காற்று எப்படிக் கிளம்புகிறது, எந்தக் கிளை எந்த அறைக்குப் போகிறது, ஆறிய காற்று எந்த வழியாகத் திரும்புகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நல்ல வேலை. ஓரிடத்தில் மட்டும் பிழை. உங்கள் படுக்கை அறைக்கும், "அம்மா அப்பா அறை" என்று நீ எழுதியிருக்கும் அறைக்கும் ஒரே கிளையைக் கொடுத்திருக்கிறாய். இரண்டு அறைகளின் வாயும் ஒரு நேர்க்கோட்டில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்கின்றன. அப்படி வைக்காதே. காரணத்தைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. உன் பழைய கூட்டாளி யூட் எங்களுக்குச் செய்த உதவி ஒன்றைப் பற்றி நான் எழுதியிருந்தேன். அதற்கு நீ, "காட்டிக்கொடுத்தவனின் பெயரை இனி எனக்கு எழுத வேண்டாம், அவனுக்கு என் கலியாண வீட்டில் இடமில்லை" என்று பதில் எழுதியிருக்கிறாய். அந்தச் சொல் இங்கே என்ன செய்யும் என்பதை நீயும் கண்டிருக்கிறாய். அதை எழுதிய மட்டையோடு மின்கம்பத்தில் சுட்டுக் கட்டி விடப்பட்டவர்களைக் கடந்துதான் நீ பள்ளிக்கூடம் போனாய். ஒன்பது வருடங்களாக அந்தச் சொல்லை நீ மனதுக்குள் யூட்டின் கழுத்தில் மாட்டி வைத்திருக்கிறாய். அது அவனுக்கு உரியதல்ல, எனக்கு உரியது. கழற்றி என்னிடம் தா.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் நாங்கள் கொழும்பை விட்டுக் கப்பலில் வந்து இறங்கியபோது உனக்குப் பதினான்கு வயது. இணுவிலில் என் சீதனக் காணியில் வீடு கட்டத் தொடங்கியபோது அப்பா ஒரேயொரு நிபந்தனை சொன்னார்: தெருப்பக்கம் யன்னல் வைக்கக் கூடாது. கொழும்பில் எங்கள் யன்னலுக்கு வெளியே வந்து நின்ற முகங்களை அவர் மறக்கவில்லை. நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் எங்கள் காணிக்குத் தெரு தெற்கே இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்று அந்தப் பக்கத்தால்தான் வரும். தெற்குச் சுவரை அடைத்தால் வெயில் காலம் முழுக்க வீடு நெருப்பு மூட்டிய போறணை மாதிரிக் கிடக்கும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யன்னலுக்குப் பதிலாகத் தெற்குச் சுவரின் அடியில் கம்பி வலை போட்ட வாய்களை வைப்பது. அங்கிருந்து ஆறு அங்குலக் குழாய்களை நிலத்துக்குக் கீழே, குளிர்ந்த மண்ணுக்குள்ளால் கொண்டுபோய் அறைகளுக்குள் திறப்பது. சூடான காற்று கூரையோரத் துவாரங்களால் தானாக மேலே போய்விடும். பல்கலைக்கழகத்தில் படித்தது ஒரு நாளாவது சோற்றுக்கு வெளியே பயன்படட்டும் என்று பத்துத் தாள்களில் கணக்குப் போட்டேன்.

என் படத்தில் அறைக்கு ஒரு தனிக் குழாய். ஒவ்வொரு குழாயிலும் இரண்டு முடக்கு, குழாய் வளைந்து திரும்பும் இடங்கள். முடக்கு வைத்தால் காற்றின் வேகம் குறையும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எலியும் பாம்பும் சுலபமாக வரக் கூடாது, வெளியே நின்று எதையாவது கொளுத்தி உள்ளே எறிந்தாலும் அது அறை வரைக்கும் வந்துவிடக் கூடாது என்றுதான் வைத்தேன். காற்றைக்கூட நம்பாமல் வீடு கட்டியவர்கள் நாங்கள்.

மேசன் செல்லையாவை உனக்கு நினைவிருக்கும். நல்ல வேலைக்காரர், பாதி நாள் மேசன், பாதி நாள் வெங்காயத் தோட்டம். என் படத்தை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரீச்சர், உது என்ன உது? இணுவிலிலை ஊதுற நாயனம் காணாதெண்டோ வீட்டுக்கும் ஒண்டு ஊதக் குடுக்கிறியள்?"

"காத்து வாறதுக்கு, செல்லையா அண்ணை. அறைக்கு ஒண்டு, தனித்தனி."

"காத்துக்கு என்னத்துக்குத் தனித்தனி வழி? பெரிய வாய்க்கால் ஒண்டு வெட்டினால் எல்லாப் பாத்திக்கும் தண்ணி பாயுதுதானே."

"தண்ணி வேறை, காத்து வேறை. படத்திலை கிடக்கிற மாதிரிச் செய்யுங்கோ."

"ஓம், ஓம். நீங்கள் படிச்சனீங்கள்."

இந்த ஊரில் ஒருவர் "நீங்கள் படிச்சனீங்கள்" என்று சொன்னால் அவர் கேட்கப் போவதில்லை என்று பொருள். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கிழமை எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வை இருந்தது. மூன்று நாட்கள் பின்னேரம்தான் வந்தேன். மூன்றாம் நாள் வந்தபோது நிலத்துக்குச் சீமெந்து பூசி முடிந்திருந்தது. பட்டணத்தில் கடைகள் பூட்டியிருந்தபடியால் முடக்குத் துண்டுகள் கிடைக்கவில்லை என்றும், ஆனால் எல்லாம் சரியாக வந்திருக்கிறது என்றும் செல்லையா அண்ணை சொன்னார். அவர் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்திருந்தார். தெற்குச் சுவரிலிருந்து நேராக ஒரு தாய்க் குழாய், முன்னறைக்குக் கீழே, உன் அறைக்குக் கீழே, கடைசியில் குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறை வரை. போகிற வழியில் பாத்திக்குப் பாத்தி வாய் திறந்த மாதிரி, அறைக்கு அறை ஒரு வாய். காற்றுக்கு வெட்டிய வாய்க்கால்.

ஆனால் காற்று வந்தது. முதல் சோளகத்தில் வீடு ஊதியது உனக்கு நினைவிருக்கும். தெருவால் போனவர்கள் படலையில் நின்று, "என்ன ராகம் ரீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு வெட்கம், உனக்குச் சிரிப்பு. நான் சாமான் அறைக்குள் அரிசி அளந்துகொண்டிருந்தேன். அப்போதுதான், ஊதல் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், குழாயின் வாயிலிருந்து யாரோ என் காலடியில் இருமினார்கள். பயந்துபோனேன். மறுபடி இருமல். அது அப்பாவின் இருமல். அவர் மூன்று சுவர்களுக்கு அப்பால் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே நிலத்தை உடைத்துத் திருத்தியிருக்கலாம். யாருக்கும் சொல்லாமல் விட்டேன். இரண்டாம் கிழமை, அரிசித் தகரத்தைக் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு பலகைக்கட்டை ஒன்றையும் கொண்டுவந்து போட்டேன். காதை வைத்துக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வைக்கத் தேவையிருக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கினால் போதும். இந்த வீட்டில் என் அளவுக்குக் கல் பொறுக்கியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பத்தாம் வகுப்பில் முன் வாங்கிலில் இருந்த பிள்ளை திங்கட்கிழமை வரமாட்டான், இயக்கத்துக்குப் போயிருப்பான். தாய் வந்து பள்ளிக்கூட வாசலில் நிற்பாள். "உனக்குத் தெரியாமலோ போனவன்?" என்று எல்லோரும் அவளைக் கேட்பார்கள். நான் அந்தக் கேள்வி கேட்கப்படாத தாயாக இருக்க விரும்பினேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வாய் என்று நினைத்தேன். குழாய் பொய் சொல்லாது.

யூட்டை எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். குருநகரிலிருந்து அத்தனை தூரம் சைக்கிள் மிதித்து என்னிடம் பௌதிகம் கேட்க வருகிறான் என்பதை நான் நம்பவில்லை. வேறு ஏதோ அலுவல் இருக்கிறது என்று நினைத்தேன். அவனுடைய தகப்பன் கடற்தொழில் செய்கிறவர் என்பதும், அவன் எங்கள் வீட்டுக் கதிரையில் கூசாமல் காலை நீட்டி இருந்ததும் என் சந்தேகத்துக்குள் சேர்ந்துதான் இருந்தன. அப்பா அப்படியில்லை. அவன் ஒரு வெள்ளிக்கிழமை நண்டுப் பையோடு வந்தபோது, "வெள்ளிக்கிழமை பாத்து நண்டு கொண்டுவாறியேடா" என்று அப்பா அலுத்துக்கொள்ள, "அங்கிள், நண்டுக்குக் கிழமை தெரியாது" என்றான். அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு சோளகக் காலத்தில் ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம். நீங்கள் இருவரும் உன் அறையில் இருந்தீர்கள். நான் என் இடத்தில் இருந்தேன். நீங்கள் பேசியதை நான் அப்படியே எழுதுகிறேன், சரியா என்று நீயே பார்.

"சனிக்கிழமை. கொடிகாமம் சந்தையடிக்கு ஒன்பது மணிக்கு ஆள் ஏத்த வான் வரும். ரியூசன் எண்டு சொல்லிப்போட்டுப் போறன்."

"உனக்கு விசரோடா? உன்ரை அம்மாவை யோசிச்சனியே?"

"அம்மாவுக்கு அம்மாவின்ரை கணக்குகள் இருக்கு. நீ வாறியோ, இல்லையோ?"

"நான் வரேல்லை. நீயும் போகாதை. சோதனையை எழுதிப்போட்டு யோசி மச்சான்."

"சரி, வராட்டி விடு. ஒருத்தருக்கும் சொல்லாதை. சத்தியம் பண்ணு."

பிறகு யூட் சொன்னான்: "மாதா மேலை சத்தியம். சொல்ல மாட்டன். ஆனா நீ போகாதை."

அவன் உன்னைத் தடுத்தான், தம்பி. அதுவும் எனக்குத் தெரியும். நான் அறிந்திருந்தேன் என்பது உனக்குப் புரிய வேண்டும்.

சனிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் நான் கொடிகாமம் போனேன். மாங்காய் வாங்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். சந்தையில் மாங்காய்க் குவியல்களுக்கு நடுவே, தெருவைப் பார்த்தபடி, ஒரு கிழவியின் கடகத்தைக் கிளறிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். எட்டே முக்காலுக்கு மினிபஸ்ஸிலிருந்து நீ இறங்கினாய். கையில் ரியூசன் கொப்பிகூட இருந்தது. என்னைக் கண்டதும் உன் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன்.

"என்ன தம்பி, நீயும் மாங்காய்க்கோ வந்தனி?" என்று கேட்டேன். என் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமையில்லை.

கிழவிதான் சொன்னாள்: "உங்கடை மோனோ அம்மா? புளிமாங்காய் கடிச்ச மாதிரி நிக்கிறார். ஒரு பழம் குடுங்கோவன்."

பையை உன் கையில் கொடுத்தேன். பதினைந்து மாங்காய், நல்ல பாரம். இரண்டு கையாலும் பிடித்தாய். அதற்குப் பிறகு உன்னால் எங்கும் ஓட முடியாது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். வான் வந்ததா, வரவில்லையா என்று இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில், சாவகச்சேரி தாண்டிய பிறகுதான் நீ வாய் திறந்தாய்.

"ஆர் சொன்னது?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"யூட்தானே? அவனுக்கு மட்டும்தான் தெரியும். யூட்தானே சொன்னவன்?"

"ஆர் சொன்னால் என்ன?" என்றேன்.

மூன்று சொற்கள். பொய் ஒன்றுமில்லை அவற்றில். பல்கலைக்கழகத்தில் படித்த நான் பொய்யில்லாமல் ஒரு பொய்யைச் சொல்ல அறிந்திருந்தேன். நீ மாங்காய்ப் பையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாய். ஒருவனை மனதில் வைத்துக் கதவைச் சாத்துகிறாய் என்று கண்டேன். சாத்தட்டும் என்று விட்டேன். குழாயைப் பற்றிச் சொன்னால் குழாயை இழந்துவிடுவேன். நீ மறுபடி புறப்படுவாயா என்று அறிய எனக்கு அது வேண்டியிருந்தது. அவனும் இனி வர மாட்டான். எனக்கு அதுவும் வசதியாக இருந்தது. ஒரு சொல்லால் இரண்டு வேலை முடிந்தது என்று அந்தப் பஸ்ஸில் நான் நினைத்தேன் என்பதை எழுத என் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இரண்டு கிழமைக்குள் உன்னைக் கொழும்புக்கு மாமாவிடம் அனுப்பினோம். அங்கிருந்து நீ எப்படி வெளிநாடு போனாய் என்பது உனக்குத்தான் தெரியும். நீ போவதற்கு முந்திய நாள் யூட் படலையடியில் நின்றான்.

"ரீச்சர், அவன் என்னோடை கதைக்கிறானில்லை. நான் என்ன செய்தனான்?"

"அவன் படிக்கட்டும் தம்பி. நீயும் போய்ப் படி."

படலையைத் திறக்காமலே சொன்னேன்.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கி, விமானங்கள் வந்து குண்டு போடத் தொடங்கியபோது வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டினார்கள். குருநகர்ச் சனங்கள் கரையை விட்டு எழும்பி உள்ளே வந்திருந்தார்கள். பங்கீட்டுச் சங்கக் கடை வரிசையில் அப்பா யூட்டைச் சந்தித்திருக்கிறார். தாயோடு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தான்.

"எங்கடை யூட்டைக் கண்டனான். பங்கர் வெட்டத் தான் வாறானாம்" என்று அப்பா வந்து சொன்னார்.

"வேறை ஆக்கள் இல்லையோ?" என்று நான் கேட்டேன்.

அவன்தான் வந்தான். வீட்டு வளவில் இரண்டு நாட்கள் கிடங்கு வெட்டினான். மூன்றாம் நாள், பங்கருக்குக் காற்றுக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. குழாய் வாங்க எந்தக் கடையிலும் இல்லை. வீட்டு நிலத்துக்குக் கீழே கிடக்கிற குழாய்களைக் கிளப்புவோம் என்று அப்பா சொன்னார். வேண்டாம் என்பதற்கு என்னால் காரணம் சொல்ல முடியவில்லை. யூட் உன் அறைக்குள் போய் நிலத்தை உடைக்கத் தொடங்கினான். நான் சாமான் அறைக்கு அப்பாவைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "உவனை இஞ்சாலை விடாதேங்கோ. சாமான்கள் கிடக்கு. கண் வைக்கிற ஆக்கள்."

உன் அறையில் நிலம் உடைக்கும் அலவாங்குச் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் யூட் சாமான் அறை வாசலில் வந்து நின்றான். தலை முழுக்கச் சீமெந்துத் தூள். என்னைப் பார்க்கவில்லை. குழாயின் வாயைப் பார்த்தான். அதற்குப் பக்கத்தில் அரிசித் தகரத்தைப் பார்த்தான். பலகைக்கட்டையைப் பார்த்தான். வருடக்கணக்காக இருந்து இருந்து அது வழுவழுத்துப் போயிருந்தது.

"ரீச்சர், உந்தப் பைப் நேரே வருகுது போலை" என்றான்.

அப்பாவுக்கு விளங்கவில்லை. "ஓமடா, செல்லையாவின்ரை வேலை" என்று சொல்லிக்கொண்டு இன்னொரு அலவாங்கு எடுக்க வெளியே போனார்.

அவர் போன பிறகு யூட் கேட்டான்: "அப்ப அவன் இவ்வளவு நாளும் என்னைத்தானே நினைச்சுக்கொண்டிருப்பான்?"

தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அவனுக்கு எழுதேக்கை ஒரு வரி எழுதிவிடுங்கோ ரீச்சர். நான் சத்தியத்தை முறிக்கேல்லை எண்டு. வேறை ஒண்டும் எழுத வேண்டாம்." பிறகு குழாயைக் கால் விரலால் தட்டிப் பார்த்தான். "பங்கருக்கு உப்பிடி நேரே விடேலாது. ரெண்டு முடக்கு வைப்பம். மழைத் தண்ணியும் வராது, சன்னமும் வராது."

என் பத்துத் தாள் கணக்கில் இருந்த அதே இரண்டு முடக்கு. குழாயை வெட்டி, தகரத்தை வளைத்துச் சுற்றி, களிமண் பூசி அவன் செய்தான். அந்தப் பங்கருக்குள் நாங்கள் மூச்சு முட்டாமல் இருந்தது அவன் வைத்த முடக்குகளால். ஒரு நாள் வெளியே வாயருகில் குண்டுத் துண்டு பாய்ந்து முதல் முடக்கில் குத்திக்கொண்டு நின்றது. நேராக விட்டிருந்தால் அது அப்பாவின் தலை இருந்த இடம். நான் உனக்கு எழுதிய உதவி இதுதான். ஆனால் அவன் கேட்ட அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. நாலரை வருடங்களாக, "யூட் வந்து போனான்", "யூட் உதவி செய்தான்" என்று சுற்றிச் சுற்றி எழுதினேன். அவன் நல்லவன் என்று நீயாகவே முடிவு செய்துவிட்டால் நான் சொல்லாமல் தப்பிவிடலாம் என்று பார்த்தேன்.

நேற்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். முதலில் அவருக்கு நம்ப முடியவில்லை. பிறகு நீண்ட நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அப்ப தம்பியோடை முன்னறையிலை இருந்து நான் உம்மைப் பற்றிக் கதைச்சதெல்லாம் கேட்டனீரோ?"

"கேட்டனான்."

"நீர் ஒரு பொலிஸ்காரி எண்டு சொன்னதுமோ?"

"ஓம்."

"பேந்தும் எனக்குச் சோறு போட்டனீர்" என்றார். சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பங்கரடியில் குழாய் வெளியே வரும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, "யூட்டின்ரை தாய்க்கு நான் என்னெண்டு முகம் குடுப்பன்?" என்று கேட்டார். அவர் என்னைக் கோபித்த அளவு அவ்வளவுதான். அது போதும்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். உங்கள் அறைக்கும் எங்கள் அறைக்கும் வேறு வேறு கிளை போடு. ஒவ்வொன்றிலும் இரண்டு முடக்காவது வை. முடக்கு சத்தத்தை முழுதாகக் கொல்லாது, அது உனக்குத் தெரியும்; குழாயின் உள்பக்கத்துக்கு ஒட்டும் பஞ்சு உங்கள் ஊரில் இருக்கிறதென்று நீயே ஒருமுறை எழுதியிருந்தாய், அதையும் ஒட்டு. காற்றின் வேகம் குறைந்தால் குறையட்டும். அம்மா கிழவியாகிவிட்டாள், இனி அப்படிச் செய்ய மாட்டாள் என்று நினைக்காதே. நான் அங்கே வந்தால், மொழி தெரியாத ஊரில், நாள் முழுக்க ஒரு அறையில் இருப்பேன். குழாய் நேராக இருந்தால் கேட்பேன். என்னை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை உன்னிடம் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை குறை சொல்ல இடம் வேண்டும். நீ அவளுக்குப் பதில் சொல்லவும் இடம் வேண்டும். அது எனக்குத் தெரியாமல் போக வேண்டும். உன்னிடம் எனக்கு ஒன்று அறிய வேண்டியிருந்தால் கதவைத் தட்டிக் கேட்கிறேன். நீ பொய் சொன்னால் அந்தப் பொய்யை வைத்துக்கொள்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

நான் கேட்டதால்தான் நீ உயிரோடு இருக்கிறாய் என்று சிலர் சொல்லலாம். நானும் எனக்குப் பல தடவை சொல்லிப் பார்த்தேன். இருக்கலாம். அன்றைக்கு அந்த வானில் ஏறியவர்களில் யார் மிஞ்சினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் உன்னை மீட்டதற்கு யூட்டை விலையாகக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை. "குழாயால் கேட்டேன்" என்று பஸ்ஸில் சொல்லியிருந்தாலும் நீ மாங்காய்ப் பையோடு வீட்டுக்குத்தான் வந்திருப்பாய். என்னை வெறுத்திருப்பாய். இப்போது வெறுக்கலாம். பங்கர் கூரைக்குத் தெற்குச் சுவரையும் உடைத்துக் கொடுத்துவிட்டோம். இந்த வீட்டில் இனி மறைக்க ஒன்றுமில்லை.

யூட் இப்போது கிளாலி நீரேரியில் படகோட்டுகிறான். நாளை காலை இந்தப் பக்கத்தால் போகும்போது எங்கள் கடிதங்களை வாங்கிக்கொண்டு போவான். அக்கரையில் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுப்பான். இதுவரை அவன் கொண்டுபோன என் கடிதங்கள் எல்லாவற்றின் வாயையும் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, காய்ந்ததா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துத்தான் கொடுப்பேன். அவன் அதைக் கண்டும் காணாதது மாதிரி நிற்பான்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. திறந்தபடியே படலையடியில் அவனிடம் கொடுப்பேன். இதில் உன் பெயர் இருக்கிறது, விருப்பமென்றால் வாசி என்று சொல்வேன். பிறகு திரும்பி வீட்டுக்குள் வந்துவிடுவேன். அவன் வாசிக்கிறானா என்று நின்று பார்க்க மாட்டேன்.

அவன் சத்தியத்தை முறிக்கவில்லை.

அம்மா